பெட்டியில் போட்டிருக்கும் சத்தக் கணக்கு

2022 மார்ச் கடைசியில் மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை போனதை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். அந்நாட்களில் ஹட்டனிலுள்ள எமது கடைக்கு, தோட்ட லயத்தில் சில்லறைக் கடை நடத்தும் ஒருவர் சிறிய ஜெனரேட்டர் வாங்க வந்தார். பெட்டியில் 65 டெசிபல் என்றிருந்தது. "இது சத்தம் குறைவுதானே நானா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

மூன்றாம் நாள் திரும்பக் கொண்டு வந்தார். பக்கத்துக் காம்பராவில் விடியப் பெரட்டுக்குப் போக வேண்டியவர்களுக்குத் தூக்கமில்லையாம். பேச்சுவார்த்தையும் நின்றுவிட்டதாம்.

பெட்டியை மறுபடி பார்த்தேன். 65-க்குக் கீழே சிறிய எழுத்தில் '7 மீற்றரில்' என்றிருந்தது. திறந்த வெளியில் தூரம் பாதியானால் சத்தம் சுமார் 6 டெசிபல் கூடும். அப்படியானால் 2 மீற்றரில் அது சுமார் 76 டெசிபல். 10 டெசிபல் கூடினாலே காதுக்கு ஏறக்குறைய இரு மடங்காகக் கேட்கும். லயத்தில் அடுத்த காம்பரா 7 மீற்றர் தள்ளியா இருக்கிறது? 1996ஆம் ஆண்டு சத்தக் கட்டுப்பாட்டு ஒழுங்குவிதிகளில் பிரதேச சபைப் பகுதிகளுக்கான இரவு எல்லையே 45 டெசிபல்தான்.

பொருளை மீளப் பெற்றுப் பணத்தைக் கொடுத்தேன். அன்றிலிருந்து நான் கவனிப்பவை இவை:

முதலாவது, தூரம் குறிப்பிடாத டெசிபலை நம்பி விலை பேசுவதில்லை. குளிர்சாதனப் பெட்டி, சலவை இயந்திரம் போன்றவற்றில் பெரும்பாலும் தூரத்தோடு சம்பந்தமில்லாத 'சத்த வலு' தரப்படும். இரண்டையும் ஒப்பிடக் கூடாது.

இரண்டாவது, இன்வேர்ட்டர் வகை. சாதாரண சிறிய ஜெனரேட்டர் சுமை குறைந்தாலும் நிமிடத்துக்கு சுமார் 3000 சுற்றிலேயே ஓடும். இன்வேர்ட்டர் வகை, சுமைக்கேற்ப வேகத்தைக் குறைக்கும். விலை கூடினாலும் இரவில் வித்தியாசம் தெரியும். குளிர்சாதனப் பெட்டியின் கொம்ப்ரஸருக்கும் இது பொருந்தும்.

மூன்றாவது, வைக்கும் இடம். பொதுச் சுவரில் முட்டிக்கொண்டிருக்கும் பிரிட்ஜும், பலகைத் தட்டில் ஓடும் கிரைண்டரும் அதிர்வை அடுத்த வீட்டுக்குக் கடத்தும். மட்டமாக வைத்து, இறப்பர் கட்டை கொடுத்து, சுவரிலிருந்து சற்று விலக்கினால் போதும். ஆனால் சத்தத்தை அடக்க ஜெனரேட்டரை மட்டும் வீட்டுக்குள்ளோ இஸ்தோப்பிலோ வைக்கவே கூடாது. அதன் புகையிலுள்ள கார்பன் மொனொக்சைட் உயிரைப் பறிக்கும்.

நான்காவது, விற்கும்முன் கடையிலேயே ஓட்டிக் காட்டுவது.

தானியக் குவியலுக்குள் கைவிட்டு, அடியிலிருந்த ஈரத்தை மேலே வைக்காததற்காக வியாபாரியை நபி (ஸல்) அவர்கள் கண்டித்த சம்பவம் நாம் அறிந்ததே. சிறிய எழுத்தும் அடியிலிருக்கும் ஈரம்தான். நோன்பு கால சஹர் நேரத்தில் நம் வீட்டு பிளெண்டர் ஓடும்போது, சுவருக்கு அப்பால் தூங்குபவருக்கும் நம்மீது உரிமை உண்டு. வாங்குபவரிடம் அதையும் சொல்லி விற்போம். அல்லாஹ் நம் வியாபாரத்தில் பரக்கத் செய்வானாக.