வெளிநாட்டுக் கடற்கரை டூர்: பில்லில் யாருடைய பான் நம்பர் இருக்கு?

டிசம்பர் லீவுக்கு ஃபுக்கெட், லங்காவி, பெந்தோட்டை, மாலத்தீவுன்னு பிளான் போடுற சீசன் இது. எந்த பீச் நல்லா இருக்கும்னு சொல்ல யூட்யூப்ல ஆயிரம் பேர் இருக்காங்க. நான் ஆடிட்டர், அதனால பில்லைப் பத்தி மட்டும் பேசுறேன். அந்த பில்லில் யாருடைய பான் நம்பர் போகுதுங்கிறது, நீங்க எந்த ஹோட்டல்ல தங்குறீங்கங்கிறதை விட முக்கியமான முடிவு.

2025-26 நிதியாண்டை வச்சு ஒரு உதாரணம் எடுத்துக்குவோம். நீங்க சென்னையில் வேலை பார்க்குறீங்க. சம்பளம் வருஷத்துக்கு 18 லட்சம். அப்பா அம்மா விருத்தாசலம் பக்கம் கருவேப்பிலங்குறிச்சியில் இருக்காங்க, விவசாயம். நீங்க, மனைவி, அப்பா, அம்மா, நாலு பேருக்கும் சேர்த்து ஃபுக்கெட் பேக்கேஜ் 3,20,000 ரூபாய். ஏஜெண்ட் அது மேல டிசிஎஸ்னு 5 சதவீதம், அதாவது 16,000 ரூபாய் கேட்டிருப்பார். 2025-26 நிதியாண்டில் வெளிநாட்டு டூர் பேக்கேஜுக்கு 10 லட்சம் வரை 5 சதவீதம், அதுக்கு மேல போன தொகைக்கு 20 சதவீதம்னு ரேட் இருந்துச்சு. இது ஜிஎஸ்டி மாதிரி போனா போனதுதான்னு நினைச்சுடாதீங்க. இது உங்க வருமான வரிக்கு முன்பணம். திரும்பி வரும். ஆனா யாருக்கு வரும்? எந்த பான் கொடுத்தீங்களோ அவருக்குத்தான்.

இங்கேதான் நம்ம வீடுகளில் ஒரு பழக்கம். "பெரியவர் பேரிலேயே போடுப்பா"ன்னு மரியாதைக்கு அப்பாவோட பான் கார்டை நீட்டிடுவோம். மரியாதை சரி, கணக்கு சரியில்லை. விவசாய வருமானத்துக்கு வரி கிடையாது, அப்பா இதுவரை ரிட்டர்ன் போட்டதே இல்லை. இப்போ அந்த 16,000 அவர் பான்ல போய் உட்கார்ந்துடும். அதை எடுக்க அவர் ரிட்டர்ன் தாக்கல் பண்ணணும், 30 நாளுக்குள் இ-வெரிஃபை பண்ணணும், பேங்க் அக்கவுண்ட் போர்ட்டலில் வேலிடேட் ஆகியிருக்கணும், பானும் ஆதாரும் இணைஞ்சிருக்கணும். இணைக்காத பான்னா இன்னும் மோசம், டிசிஎஸ்ஸே கூடுதல் ரேட்டில் பிடிப்பாங்க. இன்னொண்ணும் பலருக்குத் தெரியாது: ஒரு வருஷத்தில் தனக்கோ வேற யாருக்கோ வெளிநாட்டுப் பயணச் செலவு 2 லட்சத்தைத் தாண்டினா, வருமானமே இல்லாட்டியும் ரிட்டர்ன் போட்டே ஆகணும். அப்பா பேரில் பில் போட்டு, பணமும் அவர் அக்கவுண்ட்ல இருந்து போனா, அந்தக் கட்டாயமும் அவர் தலையில் விழும்.

அதனால பணம் கட்டுறது நீங்கன்னா பில்லும் உங்க பேரிலேயே, ஒரே பில்லா இருக்கட்டும். ஆளுக்கு ஒரு பில்லா உடைக்கிற ஏஜெண்டுகள் உண்டு. முன்கூட்டியே சொல்லிடுங்க.

உங்க பான்ல வந்தா என்ன லாபம்? புதிய வரி முறையில் 18 லட்சம் சம்பளத்துக்கு 2025-26ல் வரி செஸ்ஸோட சேர்த்து 1,50,800 ரூபாய். மாசம் சுமார் 12,567 டிடிஎஸ் பிடிப்பாங்க. முன்னாடியெல்லாம் இந்த டிசிஎஸ்ஸை கம்பெனி கண்டுக்காது, ரீஃபண்டுக்கு அடுத்த வருஷம் வரை காத்திருக்கணும். 2024 அக்டோபரில் இருந்து ஃபார்ம் 12பிஏஏ வந்திருக்கு. அதில் டிசிஎஸ் விவரத்தை எழுதி ஏஜெண்ட் பில்லோட எச்ஆர்கிட்ட கொடுத்தா, மீதி மாசங்களில் பிடிக்கிற டிடிஎஸ்ஸைக் குறைப்பாங்க. நவம்பர் சம்பளத்துக்கு முன்னாடி கொடுத்தீங்கன்னா, மார்ச் வரை அஞ்சு மாசத்துக்கு மாசம் 3,200 ரூபாய் கூடுதலா கையில் வரும். எச்ஆர் போர்ட்டலில் இதுக்குத் தனி இடம் இல்லைன்னா பேரோல் டீமுக்கு மெயில் போடுங்க.

சம்பளம் 12,75,000 வரை இருந்து புதிய முறையில் இருக்கீங்கன்னா வரியே இல்லை, அப்போ குறைக்க டிடிஎஸ்ஸும் இல்லை. உங்களுக்கு 12பிஏஏ உதவாது. 2026ல் ரிட்டர்ன் போட்டுத்தான் ரீஃபண்ட் வாங்கணும். அந்த 16,000 அத்தனை மாசம் உங்க கையில் இருக்காது, பட்ஜெட்ல அதையும் சேர்த்துக்கோங்க.

இந்த டிசிஎஸ்ஸே இல்லாம போகலாமா? போகலாம். 2023 ஜூன் 30ல் வந்த சுற்றறிக்கைப்படி, சர்வதேச டிக்கெட், ஹோட்டல், அதே மாதிரியான பிற செலவு, இந்த மூணில் குறைஞ்சது ரெண்டு சேர்ந்தாதான் அது 'பேக்கேஜ்'. டிக்கெட்டை ஒரு இடத்தில், ஹோட்டலை இன்னொரு இடத்தில் தனித்தனியா போட்டா அது பேக்கேஜே இல்லை. ஃபாரெக்ஸ் கார்டில் ஏத்துற பணத்துக்கும் வருஷத்துக்கு 10 லட்சம் வரை டிசிஎஸ் கிடையாது. ஆனா அப்பா அம்மாவைக் கூட்டிட்டுப் போறப்ப, ஏர்போர்ட்டில் பேர் எழுதின பலகையோட ஒருத்தர் நிக்கிறதுக்கு மதிப்பு உண்டு. திரும்பி வரப்போற 16,000க்காக அதை விட வேண்டாம்ங்கிறது என் கருத்து.

திரும்பி வராத பணம் வேற இடத்தில் போகுது. அங்கே கார்டு தேய்க்கும்போது "ரூபாயா, பாத்தா?"ன்னு மெஷின் கேட்கும். அந்த ஊர் கரன்சியையே அழுத்துங்க. ரூபாய்னு அழுத்தினா அவங்க வச்சதுதான் ரேட். சாதாரண கிரெடிட் கார்டில் 3.5 சதவீத மார்க்கப், அதுக்கு மேல ஜிஎஸ்டி, மொத்தம் 4.13 சதவீதம். 50,000 செலவுக்கு 2,065 ரூபாய், ஒரு வேளை நல்ல மீன் சாப்பாடு. இலங்கைன்னா சில கடைகளில் யுபிஐயே வேலை செய்யும். (நாகப்பட்டினத்தில் இருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் போகுது, கருவேப்பிலங்குறிச்சிக்காரங்களுக்கு மீனம்பாக்கத்தை விட நாகைதான் பக்கம். ஆனா மழைக்காலத்தில் சேவையை நிறுத்திடுவாங்க, டிசம்பருக்கு அதை நம்பாதீங்க.)

பர்சனல் லோன் எடுத்துப் போற எண்ணம் இருந்தா ஒரே ஒரு கணக்கு: 3 லட்சம், 14 சதவீதம், 24 மாசம். இஎம்ஐ சுமார் 14,400, வட்டி மட்டும் சுமார் 45,700. அடுத்த டிசம்பர் வரை தள்ளிப் போட்டு, இதே இஎம்ஐயை இப்போதிருந்தே ஆர்டியில் போட்டா 12 மாசத்தில் 1,72,800, அது மேல வட்டி உங்களுக்கு. நாலு பேருக்குக் கொழும்பு பக்கம் போக அது போதும்.

எல்டிஏ பத்தியும் சொல்லிடுறேன். வெளிநாட்டு டிக்கெட்டுக்கு எல்டிஏ விலக்கு கிடையாது. பழைய வரி முறையில் இருந்துகிட்டு அந்தமானோ லட்சத்தீவோ போனா டிக்கெட் செலவுக்குக் கிடைக்கும். புதிய முறையில் அதுவும் இல்லை.

டூர் முடிஞ்சதும் ஏஜெண்ட்கிட்ட டிசிஎஸ் சான்றிதழ், ஃபார்ம் 27டி, கேட்டு வாங்குங்க. அக்டோபர்-டிசம்பர் காலாண்டுக்கு அவர் ஜனவரி 15க்குள் கணக்கு தாக்கல் பண்ணணும். பிப்ரவரி முதல் வாரம் உங்க 26ஏஎஸ்ஸைத் திறந்து பாருங்க. 16,000 அங்கே இல்லைன்னா அன்னைக்கே அவருக்கு போன் போடுங்க.