தவளைத் தோலும் நட்சத்திரத் துகளும்

மருந்துக்கு அடங்காத கிருமிகளைப் பற்றிப் பேச வந்தவன் தவளையிலிருந்து தொடங்குவது நேயர்களுக்கு வியப்பாக இருக்கலாம். அமெரிக்க விஞ்ஞானி மைக்கேல் ஸாஸ்லாஃப், ஆராய்ச்சிக்காக ஆப்பிரிக்கத் தவளைகளை அறுத்துத் தையலிட்டு, கிருமிகள் மலிந்த தொட்டி நீரிலேயே விட்டு வந்தார். காயங்களோ சீழ் பிடிக்காமல் ஆறின! காரணத்தை 1987இல் வெளியிட்டார். தவளைத் தோலில் சுரக்கும் பெப்டைடுகளே அவற்றைக் காத்தன. பெப்டைடு என்பது அமினோ அமிலங்களை மணிகளாகக் கோத்த சிறு மாலை எனலாம்.

பெனிசிலின் கிருமியின் சுவரைக் கட்டும் வேலையைத் தடுக்கிறது. கிருமியோ பெனிசிலினையே சிதைக்கும் நொதியொன்றை ஆக்கிக்கொண்டு தப்பிவிடுகிறது. மருந்தைக் குறைந்த அளவில் உண்டால் கிருமிகள் அதற்குப் பழகிவிடும் என்று, அதைக் கண்டறிந்த ஃபிளெமிங்கே 1945இல் நோபெல் உரையில் எச்சரித்தார். நாம் கேட்டோமா? தீவிரச் சிகிச்சைப் பிரிவுகளில் பரவும் அசினெட்டோபாக்டர் வகைகளுள் சில, கடைசிப் புகலிடமான கோலிஸ்டினுக்கும் அடங்குவதில்லை. அறுவைச் சிகிச்சை நன்றாக முடிந்த நோயாளியும் இக்கிருமியால் மாளக்கூடும்.

பெப்டைடுகளின் போர்முறை வேறு. அவற்றில் நேர்மின்னூட்டம் மிகுதி. கிருமியின் புறப்பரப்பில் எதிர்மின்னூட்டம். ஆதலால் அங்கே போய் ஒட்டிச் சவ்வைக் கிழிக்கின்றன. நம் உயிரணுக்களின் புறப்பரப்பில் அத்தகைய மின்னூட்டம் குறைவு. ஆயினும், தனி மாலைகளை நம் உடலின் நொதிகள் விரைவில் அறுத்துவிடும். அளவு மிகுந்தால் இரத்த அணுக்களும் சேதமுறும்.

2016இல் மெல்பர்ன் பல்கலைக்கழகத்தார் ஓர் உபாயம் கண்டனர். லைசின், வேலின் என்னும் இரு அமினோ அமிலங்களால் ஆன 16 அல்லது 32 கரங்களை ஒரே மையத்தில் பொருத்தி நட்சத்திரமாக்கினர். அதன் குறுக்களவு ஏறக்குறைய 10 நானோமீட்டர். அதாவது, ஒரு மில்லிமீட்டரை இலட்சம் கூறிட்டால் ஒரு கூறு. இத்துகள் வெளிச்சவ்வைக் குலைக்கிறது. உட்சவ்வின் வழியே அயனிகள் கட்டுப்பாடின்றிப் பாயச் செய்கிறது. கிருமி தன்னைத்தானே மாய்த்துக்கொள்ளவும் தூண்டுகிறது. ஒரு பூட்டை மாற்றித் தப்பலாம். வீட்டையே மாற்றுவது எளிதன்று. அவர்களுடைய சோதனைகளில் அசினெட்டோபாக்டர் இதற்கு எதிர்ப்பாற்றல் பெறவில்லை. கோலிஸ்டினுக்கு அடங்காத வகையால் வயிற்றறையில் நோயுற்ற எலிகளும் குணமடைந்தன.

எலி குணமானதாலேயே மருந்து வந்துவிட்டதென்று நான் சொல்லமாட்டேன். தவளைப் பெப்டைடிலிருந்து பிறந்த பெக்ஸிகானன் என்னும் மருந்து, நீரிழிவுக் காலப் புண்ணுக்காக மனிதரிடம் சோதிக்கப்பட்ட பின்னரும், 1999இல் அமெரிக்க அரசின் ஒப்புதலைப் பெறவில்லை. இந்த நட்சத்திரமும் அந்த வாயிலைக் கடந்தாக வேண்டும்.