போருக்குப் போன கார்ட்டூன்கள்

1941 டிசம்பரில் பேர்ல் துறைமுகத்தை ஜப்பான் தாக்கிய கையோடு, கலிபோர்னியாவின் பர்பேங்க் நகரில் இருந்த வால்ட் டிஸ்னி ஸ்டுடியோவுக்குள் அமெரிக்க ராணுவம் வந்து தங்கிவிட்டது. பக்கத்திலிருந்த லாக்ஹீட் விமானத் தொழிற்சாலையைக் காக்க வந்த படை அது. மறுநாளே கடற்படையிடமிருந்து வேலையும் வந்தது: நம் கப்பல், விமானம் எது, எதிரியுடையது எது என்று வீரர்களுக்கு அடையாளம் காட்டும் 20 குறும்படங்கள். போர்க்காலத்தில் அந்த ஸ்டுடியோவின் பெரும்பகுதி உழைப்பு அரசுக்கும் ராணுவத்துக்குமே போனது.

கேமரா இருக்கும்போது ஓவியர்களை ஏன் தேடினார்கள்? ஓடும் எஞ்சினுக்குள் கேமரா நுழைய முடியாது. கொசு கடித்தபின் மலேரியாக் கிருமி ரத்தத்தில் என்ன செய்கிறது என்பதையும் அன்று படம்பிடிக்க முடியாது. ஓவியர் இரண்டையும் வரைந்துவிடுவார். தேவையற்றதை விட்டுவிட்டு, கண்ணில் பட வேண்டியதை மட்டும் காட்டுவார். படிப்பு குறைந்த வீரருக்கும் ஐந்து நிமிடத்தில் விஷயம் புரிந்துவிடும்.

வார்னர் பிரதர்ஸ் ஓவியர்கள் 1943 முதல் உருவாக்கிய ‘பிரைவேட் ஸ்னாஃபு’ இந்த வகையில் புகழ்பெற்றது. ரகசியத்தை உளறுவது, கொசுவலையை அலட்சியம் செய்வது என எல்லாத் தவறையும் செய்து மாட்டிக்கொள்ளும் சிப்பாய் அவன். பின்னாளில் டாக்டர் சூஸ் என்ற பெயரில் குழந்தை நூல்களால் உலகப் புகழ் பெற்ற தியோடர் கைசல் இதற்குக் கதைகள் எழுதினார். கொசுவலைக்குள் படு என்று சொல்லும் படம் உயிர் காக்கும் படம். அதில் குறை காண எனக்கு ஒன்றுமில்லை.

அதே காலத்தில் ஜப்பான் எடுத்த படம்தான் மனத்தைத் தொந்தரவு செய்கிறது. ஜப்பானியக் கடற்படை அமைச்சகத்தின் ஆதரவில் மிட்சுயோ செயோ இயக்கிய ‘மோமோதாரோ: கடலின் தெய்வ வீரர்கள்’ 1945 ஏப்ரலில் வெளியானது. 74 நிமிடம் ஓடும் இதுவே ஜப்பானின் முதல் முழுநீள அனிமேஷன் படம். பீச் பழத்திலிருந்து பிறந்து, நாய், குரங்கு, பறவையைத் துணைக்கு அழைத்துக்கொண்டு அரக்கர் தீவை வெல்லும் மோமோதாரோ, அந்நாட்டுக் குழந்தைகள் அனைவருக்கும் தெரிந்த நாட்டுப்புறக் கதை நாயகன். இந்தப் படத்தில் அவன் படைத் தளபதி. விலங்குகள் பாராசூட் வீரர்கள். அரக்கர்களோ தலையில் கொம்பு முளைத்த, ஆங்கிலம் பேசும் வெள்ளைக்காரர்கள்.

படம் அழகானது, அதை மறைக்க முடியாது. விடுப்பில் ஊருக்கு வரும் கரடியும் குரங்கும், காற்றில் மிதந்து பாராசூட்டை நினைவூட்டும் பூம்பஞ்சு, தெற்குத் தீவின் விலங்குகள் பாட்டுப் பாடி ஜப்பானிய எழுத்து கற்கும் காட்சி எல்லாமே அன்போடு வரையப்பட்டவை. எதிரியைக் கொடியவனாகக் காட்டுவது எந்தப் பிரசாரகருக்கும் கைவந்த கலை. நம் படையை நெஞ்சில் அணைத்துக்கொள்ளத் தோன்றும் குட்டி விலங்குகளாகக் காட்டுவதே அதைவிட வலிமையான ஆயுதம். முயல் குதித்து இறங்கும் இடத்தில் ஓர் ஊர் இருக்கும், அதில் மனிதர்கள் இருப்பார்கள் என்ற நினைப்பே பார்ப்பவருக்கு எழாது.

படத்தின் முடிவில் எதிரிகள் சரணடையும் காட்சி, 1942 பிப்ரவரியில் சிங்கப்பூரில் பிரிட்டிஷ் தளபதி பெர்சிவல் சரணடைந்ததை நினைவூட்டும். ஆசியாவை விடுவிக்க வந்தோம் என்றது ஜப்பான். அந்த விடுதலை எப்படி இருந்தது என்பது மலாயாத் தோட்டத் தமிழர்களுக்குத் தெரியும். சயாம்–பர்மா ரயில் பாதைக்கு ஆயிரக்கணக்கில் கொண்டுபோகப்பட்ட அவர்கள் காலராவிலும் பசியிலும் மடிந்தார்கள். பாதை 1943 அக்டோபரில் முடிந்தது. அதன்பின் ஒன்றரை ஆண்டு கழித்துத்தான் பாடும் விலங்குகள் திரைக்கு வந்தன.

குண்டுவீச்சுக்குப் பயந்து நகரக் குழந்தைகளைக் கிராமங்களுக்கு அனுப்பிவிட்டிருந்த நேரம் அது. யாருக்காக எடுத்தார்களோ அவர்களில் பலர் படத்தைப் பார்க்கவே இல்லை. ஒசாகாவில் பார்த்தவர்களில் 16 வயது ஒசாமு தெசூகா ஒருவர். தானும் ஒருநாள் அனிமேஷன் எடுப்பேன் என்று அன்றே உறுதி கொண்டதாகப் பின்னாளில் அவர் எழுதினார். 1963இல் ‘ஆஸ்ட்ரோ பாய்’ தொலைக்காட்சித் தொடரைத் தந்தவர் அவர்தான். அழிந்துவிட்டதாக நம்பப்பட்ட மோமோதாரோ படமும் அதைத் தயாரித்த நிறுவனத்தின் கிடங்கில் கிடைத்து, 1984இல் மீண்டும் திரையிடப்பட்டது.

அதே போரை வேறு விதமாகக் காட்டிய ஜப்பானிய அனிமேஷன் இயக்குநர் இசாவோ தகாஹாதா, ஒன்பது வயதில் ஒகயாமா நகரின் மீதான குண்டுவீச்சில் தப்பியவர். 1988இல் அவர் இயக்கிய ‘மின்மினிகளின் கல்லறை’யில் தளபதியும் இல்லை, வெற்றியும் இல்லை. கோபே நகரில் தாயை இழந்து பட்டினியில் கரையும் ஓர் அண்ணனும் தங்கையும் மட்டுமே இருக்கிறார்கள். மோமோதாரோவைப் பிள்ளைகளுக்குக் காட்டுவதானால், அவர்கள் கொஞ்சம் வளர்ந்தபின் இந்தப் படத்தையும் அதனுடன் சேர்த்துக் காட்டுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் பாருங்கள்.