கேம் திணறுவது ஏன்? பெட்டிக்குள் நடக்கும் பங்குச் சண்டை

"கிராபிக்ஸ் கார்டை மாத்தினாத்தான் சரியாகும்." கேம் லேக் அடிக்கிறது என்று கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு போகும் பிள்ளைகளுக்கு மதுரைக் கடைகளில் அடிக்கடி கிடைக்கும் பதில் இது. வீட்டில் கெஞ்சிக் கூத்தாடி, அப்பாவின் சம்பளத்தில் பெரிய பங்கைக் கொடுத்து கார்டு வாங்கிய பிறகும் திணறல் அப்படியே இருந்தால், அந்தப் பணம் போனது போனதுதான். பல நேரங்களில் அந்தப் பெட்டிக்குப் பலம் குறைவில்லை. ஒரே வளத்தை இரண்டு பாகங்கள் ஒரே நேரத்தில் கேட்கின்றன, ஒன்று காத்திருக்கிறது. யார் யாருக்காகக் காத்திருக்கிறார்கள் என்று பார்க்கத் தெரிந்தால், பாதிச் சிக்கலைக் காசில்லாமல் தீர்க்கலாம்.

திரையில் விநாடிக்கு 60 காட்சிகள் ஓட வேண்டுமென்றால், ஒவ்வொரு காட்சியையும் வரைய 16.7 மில்லிவிநாடிதான் இருக்கிறது. ஐம்பத்தொன்பது காட்சிகள் நேரத்துக்கு வந்து, ஒன்று மட்டும் 100 மில்லிவிநாடி எடுத்துக்கொண்டது என்று வையுங்கள். ஓரத்தில் ஓடும் எண் 55 என்று நல்லபடியாகவே காட்டும். ஆனால் கண்ணுக்கு அந்த ஒரு வெட்டு தெரியும், கை பிசகும், ஆள் செத்துவிடுவான். வளத்துக்கான மோதல் பெரும்பாலும் இப்படித்தான் தலைகாட்டும்: சராசரி குறையாமல், நடுநடுவே திக்கும்.

நமக்கு நன்றாகத் தெரிந்த உதாரணம் ஒன்று இருக்கிறது. 2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாளில் தமிழக அரசின் இலவச லேப்டாப் திட்டம் தொடங்கியது. எல்காட் நிறுவனம் மூலம் வாங்கிக் கொடுக்கப்பட்ட அந்த லேப்டாப்தான் மேலூர், உசிலம்பட்டி, வாடிப்பட்டிப் பக்கம் எத்தனையோ வீடுகளுக்குள் நுழைந்த முதல் கம்ப்யூட்டர். பாடத்தோடு சேர்ந்து 'ஜிடிஏ சான் ஆண்ட்ரியாஸ்' விளையாட்டும் பென்டிரைவ் பென்டிரைவாகப் பரவியது. அது ஓடியது. 2015இல் கம்ப்யூட்டருக்கு வந்த 'ஜிடிஏ 5' ஓடவில்லை. ஏன்?

முதல் கட்ட லேப்டாப்பில் ரேம் 2 ஜிபி. தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது. பிராசசரோடு ஒட்டிய கிராபிக்ஸ் பகுதிக்குச் சொந்த மெமரி இல்லாததால், அந்த 2 ஜிபியிலிருந்தே தன் பங்கை எடுத்துக்கொள்ளும். விண்டோஸ் இன்னொரு பங்கை எடுக்கும். மீதிதான் கேமுக்கு. சான் ஆண்ட்ரியாஸ் கேட்டது 256 எம்பி, இடம் தாராளம். ஜிடிஏ 5 குறைந்தது 4 ஜிபி ரேமும், அதற்கு மேல் 1 ஜிபி கிராபிக்ஸ் மெமரியும் கேட்டது. ரேம் போதாதபோது விண்டோஸ் ஹார்டு டிஸ்கைக் கூடுதல் மெமரியாகப் பயன்படுத்தும். சுழலும் டிஸ்கில் ஒரு தகவலைத் தேடி எடுக்கவே 10 மில்லிவிநாடி போய்விடும். ஒரு காட்சிக்கான நேரத்தில் பாதிக்கு மேல் தேடுவதிலேயே முடிந்தது.

அந்த லேப்டாப் பழையதாகிவிட்டது, ஆனால் அதே சண்டை இன்றைய லேப்டாப்பிலும் நடக்கிறது. தனி கார்டு இல்லாத மாடல்களில் பல, ஒரே ஒரு 8 ஜிபி ரேம் குச்சியோடு விற்கப்படுகின்றன. டிடிஆர்4-3200 வகை ரேம் ஒன்றே ஒன்று இருந்தால் விநாடிக்கு 25.6 ஜிபி தகவல்தான் போய்வர முடியும். பிராசசரும் கிராபிக்ஸும் அதைப் பிய்த்துக்கொள்ள வேண்டும். ஒரே கிணற்றில் இரண்டு மோட்டார் போட்ட கதைதான். இரண்டு வயலுக்கும் தண்ணீர் மெல்லத்தான் வரும். அதே அளவில் இரண்டாவது குச்சியைப் போட்டால் பாதை இரண்டாகி 51.2 ஜிபி ஆகிறது. இந்த வகை லேப்டாப்பில் நான் முதலில் சொல்லும் செலவு இதுதான். டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தைத் திறந்தால் எத்தனை ஸ்லாட், எத்தனை பயன்பாட்டில் என்று போட்டிருக்கும். காலி ஸ்லாட் இருக்கிறதா என்று பார்த்துவிட்டே வாங்குங்கள். சில மாடல்களில் ரேமைப் போர்டிலேயே பற்றவைத்திருப்பார்கள்.

அடுத்த பங்காளிச் சண்டை வெயிலில் நடப்பது. கேமிங் லேப்டாப்களில் பெரும்பாலும் பிராசசரும் கிராபிக்ஸ் சிப்பும் ஒரே செப்புக் குழாய்களில் சூட்டைத் தள்ளுகின்றன. ஒன்று கொதித்தால் மற்றதற்கும் சுடும். இன்டெல் லேப்டாப் பிராசசர்கள் பலவற்றுக்கு எல்லை 100 டிகிரி. அதைத் தொட்டதும் சிப் கருகிவிடாமல் இருக்கத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். குளிரூட்டும் அமைப்பு அறைச் சூட்டை விட 60 டிகிரி மேலே சிப்பை நிறுத்துகிறது என்று வைத்தால், 25 டிகிரி அறையில் 85. சித்திரைத் திருவிழா சமயத்து மதுரையில், மொட்டை மாடிக்கு நேர்கீழே 40 டிகிரி அறையில், அதுவே 100. இணையத்தில் குளிர்தேசத்துக்காரர் போடும் சோதனை வீடியோவும் நம் வீட்டு அனுபவமும் ஒத்துப்போகாததற்கு இது முக்கியக் காரணம்.

இதைக் கண்டுபிடிக்கக் கருவி வேண்டாம். அதே கேம், அதே இடம், விடியற்காலையில் ஒருமுறை, மதியம் மூன்று மணிக்கு ஒருமுறை. காலையில் வழுக்கிக்கொண்டு ஓடி மதியம் பத்து நிமிடத்தில் தள்ளாடினால், சூடுதான் காரணம். தூசியைத் தட்டுங்கள், பின்பக்கத்தைச் சற்று உயர்த்துங்கள், கட்டில் மெத்தை மேல் வைக்காதீர்கள். கேம் அமைப்பில் காட்சிகளை 60க்கு மேல் போகவிடாமல் பூட்டுங்கள். விண்டோஸின் பவர் அமைப்பில் பிராசசரின் உச்ச அளவை 99 விழுக்காடு என்று வைத்தால் பெரும்பாலும் டர்போ வேகம் அணைந்து சூடு இறங்கும். மிச்சமாகும் இடம் கிராபிக்ஸுக்குக் கிடைக்கும். கரண்ட் போன நொடியில் வேகம் பாதியாவது வேறு விஷயம்: அடாப்டர் தரும் வாட்டைப் பேட்டரியால் தர முடியாது.

மேசைக் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களை மதர்போர்டு குழப்பும். புது எம்.2 எஸ்எஸ்டி போட்டதும் பழைய ஹார்டு டிஸ்க் காணாமல் போகும். கெட்டுப்போகவில்லை, பல போர்டுகளில் அந்த ஸ்லாட்டும் ஒன்றிரண்டு சாட்டா போர்ட்டுகளும் ஒரே தடத்தைப் பகிர்கின்றன. மேனுவலில் ஒரு வரியில் எழுதியிருக்கும். டிஸ்கை வேறு போர்ட்டுக்கு மாற்றினால் முடிந்தது. இதே பகிர்வால் கிராபிக்ஸ் கார்டுக்கான 16 தடங்கள் 8 ஆகக் குறைந்தால் பெரும்பாலான கார்டுகளுக்கு நஷ்டம் சொற்பம். ஆனால் 2022இல் வந்த ரேடியான் ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டிக்கு இருப்பதே 4 தடம், 4 ஜிபி மெமரி. பிசிஐ எக்ஸ்பிரஸ் மூன்றாம் தலைமுறை போர்டில் போட்டால் நன்றாகவே அடிவாங்கும். பழைய போர்டுக்கு மலிவு கார்டு தேடுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஐஆர்க்யூ மோதல் என்று இன்னும் சிலர் பயமுறுத்துகிறார்கள். 1990களில் அது நிஜமான தலைவலி. பாகங்கள் பிராசசரைக் கூப்பிட இருந்தது ஐஆர்க்யூ என்ற 16 தடங்கள்தான். சவுண்ட் பிளாஸ்டர் ஒலிக் கார்டு 7ஆம் எண்ணைப் பிடித்தால் பிரிண்டரோடு முட்டும். நான்கை மவுஸும் மோடமும் பங்கிட்டால் ஒன்று உறையும். இப்போதைய பாகங்கள் பிராசசருக்குச் செய்தி அனுப்பிக் கூப்பிடுவதால் அந்தத் தட்டுப்பாடு போய்விட்டது. எம்எஸ்இன்ஃபோ32 என்று தட்டினால் வரும் 'கான்ஃப்ளிக்ட்ஸ்/ஷேரிங்' பட்டியல் ஆரோக்கியமான கம்ப்யூட்டரிலும் நீளமாகவே இருக்கும். அதைக் காட்டிப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். இன்று ஐஆர்க்யூ மோதலின் வாரிசு டிரைவர் கோளாறு: வைஃபை அல்லது ஆடியோ டிரைவர் பிராசசரை நெடுநேரம் பிடித்துவைத்தால், ஒலி கரகரப்பதும் காட்சி திக்குவதும் சேர்ந்தே நடக்கும். லேடன்சிமான் என்ற இலவச மென்பொருள் எந்த டிரைவர் என்று காட்டிவிடும்.

வயர்லெஸ் மவுஸ் மட்டும் திக்கினால், அதன் ரிசீவர் யூஎஸ்பி 3 எக்ஸ்டர்னல் டிஸ்குக்குப் பக்கத்தில் செருகியிருக்கிறதா பாருங்கள். அந்த டிஸ்க் கிளப்பும் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் விழுகிறது. 2012இல் இன்டெல்லே இதை விளக்கி அறிக்கை வெளியிட்டது. தள்ளிச் செருகினால் போதும்.

இவ்வளவும் பார்த்த பிறகு, கேம் ஓடும்போது கிராபிக்ஸ் பயன்பாடு 97, 98 விழுக்காட்டிலேயே அசையாமல் நின்று, சூடும் எல்லைக்குள் இருந்து, அப்போதும் வேகம் போதவில்லையா? அப்படியென்றால் கார்டு நிஜமாகவே போதவில்லை. கடைக்குப் போகும்போது மதர்போர்டின் மாடல் பெயரையும் பவர் சப்ளையின் வாட் எண்ணையும் ஒரு துண்டுச்சீட்டில் எழுதி எடுத்துப் போங்கள்.