பனிவெளியில் கட்டுச்சோறு

‘கட்டிக் கொடுத்த சோறும் சொல்லிக் கொடுத்த சொல்லும் எத்தனை நாளைக்கு?’ என்பது நம்மவர் பழமொழி. தில்லியிலிருந்து சென்னைக்கு ரயிலேறும் நமக்கு அதன் பொருள் நன்கு தெரியும். புளியோதரை முதல் நாளிலேயே தீர்ந்துவிட்டாலும் நாம் கலங்குவதில்லை; அடுத்த நிலையத்தில் ஏதேனும் கிடைக்கும். நிலையமே இல்லாத வழியில் மாதக்கணக்கில் நடப்பவன் என்ன செய்வான்?

முதலில் கணக்கைப் பார்ப்போம். கடுங்குளிரில் சறுக்குவண்டி இழுத்து நடப்பவனுக்கு நாளொன்றுக்குச் சுமார் 1 கிலோ உலர்ந்த உணவு வேண்டும். ஐந்து மாதத்திற்கு 150 கிலோ ஆகிறது. அதனை இழுக்கும் உழைப்போ மேலும் உணவு கேட்கும். ஆகவே, நெடுவழி செல்வோர் முன்னதாகவே வழியில் ஆங்காங்கே உணவுக் கிடங்குகள் அமைத்துவிட்டுப் பிறகு புறப்படுவர். அக்கிடங்குகளை எங்கே அமைப்பது, எவ்வாறு அடையாளமிடுவது என்பவற்றில் உயிரே அடங்கியிருக்கிறது. தென் துருவப் பயணங்கள் இரண்டு இதற்குச் சான்று.

நார்வே நாட்டு அமுண்ட்சென் 1911-ஆம் ஆண்டின் முற்பகுதியில் 80, 81, 82 ஆகிய தென் அட்சரேகைகளில் கிடங்குகள் அமைத்தார். எங்கும் ஒரே வெண்மையாயிருக்கும் பனிவெளியில் சற்று விலகி நடந்தாலும் கிடங்கு கண்ணுக்குத் தப்பிவிடும். எனவே அவர் வழிக்குக் குறுக்கே, கிழக்கு மேற்காக, எண்ணிட்ட கொடிகளை வரிசையாக நட்டார். ஏதேனும் ஒரு கொடி கண்ணிற்பட்டாற் போதும். கிடங்கு எத்திசையில், எவ்வளவு தூரத்தில் உள்ளது என்பது விளங்கிவிடும். 1911 டிசம்பர் 14-இல் துருவத்தை அடைந்த அவருடைய குழுவினர் ஐவரும் நலமே திரும்பினர்.

ஆங்கிலேயரான ஸ்காட் தம் பெருங்கிடங்கை 80-ஆவது பாகையில் அமைக்க எண்ணியிருந்தார். ஆனால் 1911 பிப்ரவரியில் அவருடைய மட்டக்குதிரைகள் குளிரால் நலிந்தன. ‘குதிரைகள் மடிந்தாலும் மடியட்டும், மேலே செல்வோம்’ என்பது ஓட்ஸ் என்னும் தோழரின் கருத்து. ஸ்காட் இசையவில்லை. குறித்த இடத்திற்குச் சுமார் 57 கிலோமீட்டர் வடக்கே, ஒரு டன்னுக்கு மேற்பட்ட பொருள்களை இறக்கிவிட்டுத் திரும்பினார்.

மறு ஆண்டு ஜனவரி 17-இல் அவரும் தோழர் நால்வரும் துருவத்தை அடைந்தனர். திரும்பும் வழியில் எவான்ஸ் முதலிலும் ஓட்ஸ் பின்னரும் மாண்டனர். வழிக்கிடங்குகளில் இருந்த எண்ணெய்த் தகரங்களும் குறைந்திருந்தன. அவற்றின் தோல் அடைப்புகள் வழியே எண்ணெய் கசிந்து ஆவியாகியிருந்தது. எண்ணெயின்றேல் பனியை உருக்கிக் குடிநீராக்கவும் இயலாது. எஞ்சிய மூவரையும் பனிப்புயல் கூடாரத்திலே நிறுத்திவிட்டது. பெருங்கிடங்கு அங்கிருந்து சுமார் 20 கிலோமீட்டர் தொலைவே. ஸ்காட்டின் கடைசிக் குறிப்பு 1912 மார்ச் 29-ஆம் நாளுக்குரியது.

பெருங்கிடங்கு முதலில் எண்ணிய இடத்தில் இருந்திருப்பின், அவர்கள் அக்கூடாரத்திற்கு முன்பே அதனை அடைந்திருப்பர். அதனால் மட்டும் பிழைத்திருப்பர் என்று சொல்வதற்கில்லை. குளிரும் புண்பட்ட கால்களும் அப்போதும் உடனிருந்திருக்கும். ஆயினும் கைக்கெட்டாத சோறு பசி தீர்ப்பதில்லை.

இமயமலைச் சாரலில் சில நாள் நடக்க விரும்பும் நேயர்களுக்கும் இக்கணக்குப் பொருந்தும். புறப்படும் நாளின் உற்சாகத்தைக் கொண்டு உணவைத் திட்டமிடலாகாது. களைத்து, தாமதித்து, மழையில் நனைந்து திரும்பும் நாளைக் கொண்டே திட்டமிட வேண்டும். அரிசியை அளக்கும்போதே அடுப்பெரிக்கும் எண்ணெயையும் அளந்துகொள்ள வேண்டும்.