கோதுமை விற்க வந்த குடியானவர்கள்
கனடா நாட்டுக் கூட்டுறவுகளின் வரலாறு

விவசாயிகளே ஒன்றுகூடித் தங்கள் விளைச்சலை விற்கத் தொடங்கினால் மண்டி வியாபாரம் என்னவாகும் என்ற கேள்வி நம்மிடையே அவ்வப்போது எழுவதுண்டு. கனடாவில் நூறு ஆண்டுகளுக்கு முன்பே இது நடந்து முடிந்திருக்கிறது. அந்தக் கணக்கைக் கொஞ்சம் புரட்டிப் பார்ப்போம்.

மேற்குக் கனடாவின் சமவெளியில் விளையும் கோதுமை ரயில் ஏறித்தான் துறைமுகம் போகவேண்டும். ரயில் நிலையத்தை ஒட்டி 'எலிவேட்டர்' எனப்படும் உயரமான தானியக் கிடங்குகள். அவை கம்பெனிகளின் கையில் இருந்தன. எடையில் பிடித்தம், தரத்தில் குறைப்பு, கழிவு என்று அதிகக் கழிப்பு என விவசாயிகள் குமுறினார்கள். (இந்தக் குற்றச்சாட்டுகள் நம் காதுக்கும் புதியவை அல்லவே!) சட்டப்படி வரிசைக்கிரமமாக வேகன் ஒதுக்கவில்லை என்று சிண்டலூட்டா என்ற சிற்றூரின் ரயில்வே ஏஜெண்டு மீது 1902-ல் வழக்குத் தொடுத்து வென்றார்கள்.

அவ்வூர் விவசாயி பார்ட்ரிட்ஜ் முன்னின்று 1906-ல் விவசாயிகளின் தானியக் கம்பெனியைத் தொடங்கினார். வின்னிபெக் தானியச் சந்தையில் ஓர் இடமும் வாங்கினார்கள். ஆனால் சரக்கு அனுப்பியவர்களுக்கு அவரவர் அனுப்பிய அளவுக்கேற்ப லாபத்தைப் பங்கிடுவோம் என்று அறிவித்ததும், அது கமிஷன் விதிக்கு விரோதம் என்று சந்தையிலிருந்து விலக்கிவிட்டார்கள். மானிடோபா மாகாண அரசு தலையிட்டதாலும், பங்கீட்டுத் திட்டத்தைக் கம்பெனி கைவிட்டதாலும் 1907-ல் மீண்டும் இடம் கிடைத்தது. அன்றைய வியாபாரிகள் செய்தது சரியா என்று நம்மைக் கேட்டால், சரியல்ல என்றுதான் சொல்வோம். போட்டியைக் கதவடைத்துத் தடுப்பது வியாபாரம் ஆகாது.

பெரிய முயற்சி பின்னால் வந்தது. ஆல்பர்ட்டாவில் 1923-லும், சஸ்காச்சுவான், மானிடோபா மாகாணங்களில் 1924-லும் 'கோதுமைப் பூல்' சங்கங்கள் அமைந்தன. உறுப்பினர் ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு விளைச்சல் முழுவதையும் சங்கத்திடமே தரவேண்டும். அறுவடையின்போது ஒரு முன்பணம். சரக்கு விற்க விற்க மீதி. எப்போது கொடுத்தாலும் ஒரே தரத்துக்கு ஒரே சராசரி விலை. மூன்று சங்கங்களுக்கும் சேர்த்து ஒரே விற்பனை நிலையம். சில ஆண்டுகளுக்குள் சமவெளிக் கோதுமையில் பாதிக்கு மேல் இவர்கள் கைவழியே போயிற்று.

சறுக்கியது முன்பணத்தில்தான். 1929 கோடையில் புஷல் (சுமார் 27 கிலோ) ஒன்றரை டாலருக்கு மேல் விற்றது. அதை நம்பி ஒரு டாலர் முன்பணம் பட்டுவாடா செய்தார்கள். அந்த அறுவடைக்குப் பின் உலகமெங்கும் விலை சரிந்தது. கிடங்கில் இருந்த சரக்கின் மதிப்பு கொடுத்த முன்பணத்துக்கும் கீழே போனது. கடன் கொடுத்த வங்கிகள் நெருக்க, மாகாண அரசுகள் ஜாமீன் நின்றன. 2 கோடி டாலருக்கு மேல் துண்டு விழுந்தது. 1932 கடைசியில் விலை 40 சென்டுக்கும் கீழே! உளுந்தையோ மிளகாயையோ கடனில் வாங்கி இருப்பு வைத்து, சந்தை கவிழ்ந்து பார்த்த நம் அன்பர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அவர்களுக்கு ஜாமீன் நிற்க அரசு வந்தது, நமக்கு வருவதில்லை. அதுதான் வித்தியாசம்.

கூட்டு விற்பனை நிலையம் முடங்கியது. ஆனால் சங்கங்கள் சாகவில்லை. கிடங்குகளை நடத்திக்கொண்டே அரசின் கடனைத் தவணையில் அடைத்தன. விற்பனைப் பொறுப்பு 1935-ல் அமைந்த கனடா கோதுமை வாரியத்திடம் சென்றது. 1943 முதல் 2012 வரை மேற்குக் கனடாக் கோதுமையை வெளிநாட்டுக்கு விற்கும் ஏகபோகம் அதற்கே.

சஸ்காச்சுவான் சங்கத்தின் பங்குகள் 1996-ல் டொரன்டோ பங்குச் சந்தைக்கு வந்தன. அத்துடன் விவசாயி அல்லாதவரும் முதலாளி ஆனார். மற்ற இரு சங்கங்களும் 1998-ல் ஒன்றாகி, பார்ட்ரிட்ஜ் தொடங்கிய கம்பெனியின் வாரிசோடு 2001-ல் இணைந்தன. 2007-ல் அந்த இணைப்பையும் சஸ்காச்சுவான் சங்கமே வாங்கி 'விட்டெரா' என்று பெயர் மாற்றிக்கொண்டது. அதை 2012-ல் கிளென்கோர் வாங்கியது. 2025-ல் அது உலகத் தானிய வணிகத்தின் பழம்பெரும் நிறுவனமான பங்கீயுடன் சேர்ந்துவிட்டது.