கழுகுமலை வெட்டுவான் கோயில்

வெட்டுவான் கோயில் என்பது தூத்துக்குடி மாவட்டம் கழுகுமலையில், மலைப்பாறையை மேலிருந்து கீழாக வெட்டிச் செதுக்கப்பட்ட ஒற்றைக்கல் கோயிலாகும். கி.பி. 8ஆம் நூற்றாண்டில் முற்காலப் பாண்டியர் தொடங்கிய இப்பணி முற்றுப்பெறவில்லை. 1986இல் மாவட்டம் பிரியும் வரை இவ்வூர் திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது.

மலைமேல் உள்ள பழைய கட்டடம் என்றதும் இன்றைய மாணவர் பலருக்குப் பெரு நாட்டின் மச்சு பிச்சு நினைவுக்கு வரும். 15ஆம் நூற்றாண்டில் இன்கா மக்கள் சுமார் 2,430 மீட்டர் உயரத்தில் எழுப்பிய ஊர் அது. வெட்டுவான் கோயில் அதைவிட அறுநூறு ஆண்டுகளுக்கு மேல் மூத்தது. இன்கா மக்கள் கற்களை வெட்டி, சுண்ணாம்புச் சாந்து இல்லாமலே இடைவெளியின்றிப் பொருத்தினர். கழுகுமலையிலோ எந்தக் கல்லையும் பொருத்தவில்லை. வேண்டாத பாறையை நீக்கினர்; எஞ்சி நின்றது கோயில்.

செதுக்கிய முறை

முதலில் பாறையைச் சுற்றிலும் சுமார் 7.5 மீட்டர் ஆழத்துக்கு வெட்டி, நடுவில் ஒரு பெரும்பாறையைத் தனியே நிறுத்தினர். பிறகு உச்சியிலிருந்து செதுக்கிக்கொண்டே இறங்கினர். சாரம் கட்ட வேண்டியதில்லை. ஆனால் ஓர் அடி தவறினால் மாற்றுக்கல் வைக்க வழியும் இல்லை. அதே நூற்றாண்டைச் சேர்ந்த எல்லோரா கைலாசநாதர் கோயிலும் இம்முறையில் அமைந்ததே.

எல்லோரா முடிந்த பணி. அதனால் வேலை நடந்த விதம் அங்கே எளிதில் புலப்படாது. கழுகுமலையில் விமானத்தின் மேற்பகுதி நுட்பமாக முடிந்திருக்கிறது. மிருதங்கம் வாசிக்கும் தட்சிணாமூர்த்தி, உமையுடன் சிவன், மூலைகளில் நந்திகள் என ஒவ்வொன்றும் உயிரோட்டமானவை. கண்ணைக் கீழே இறக்கினால் உருவம் மங்கி, அடிப்பகுதி வெறும் பாறையாகவே நிற்கிறது. பார்க்க வருவோர் சிற்பங்களைப் படமெடுத்துவிட்டுத் திரும்பிவிடுகின்றனர். உண்மையில் இங்கே பாடம் அந்த முடியாத பகுதியில்தான் இருக்கிறது.

சிற்பிகளான தந்தைக்கும் மகனுக்கும் போட்டி மூண்டு, தந்தை மகனைக் கொன்றதால் பணி நின்றது என்று ஊரில் கதை சொல்வர். பல ஊர்களில் வழங்கும் கதைதான். கல்வெட்டுச் சான்று இல்லை.

சமணச் சிற்பங்கள்

அதே மலையில் தீர்த்தங்கரர் உருவங்கள் வரிசை வரிசையாகப் புடைப்புச் சிற்பங்களாக உள்ளன. பார்சுவநாதர், பாகுபலி, அம்பிகா யட்சி ஆகியோரையும் காணலாம். பல உருவங்களின் கீழே, செய்வித்தவர் பெயர் வட்டெழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளது. அவர்களில் தச்சரும் குயவரும் உண்டு. குரத்தியர் எனப்பட்ட பெண் சமண ஆசிரியர்களும் உண்டு. அக்காலத்தில் இம்மலை ஒரு கல்விக்கூடமாகவும் விளங்கியது.

மச்சு பிச்சுவில் நாளொன்றுக்கு இத்தனை பேர்தான் என்ற வரம்பும், நடக்க வேண்டிய பாதையும் உண்டு. கழுகுமலைச் சின்னங்கள் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளன. எனினும் கைக்கெட்டும் உயரத்தில் உள்ள சிற்பங்களுக்கு வருவோரே காவல். எண்ணெய் தடவுதல், வண்ணம் பூசுதல், பெயர் கிறுக்குதல் ஆகியவற்றால் வட்டெழுத்து அழிந்தால் அந்தக் குயவரின் பெயரும் அதோடு போய்விடும்.

செல்லும் வழி

கோவில்பட்டியிலிருந்து சங்கரன்கோவில் சாலையில் ஏறத்தாழ 20 கி.மீ. தொலைவு, பேருந்துகள் உண்டு. மலையடிவாரத்தில் அண்ணாமலை ரெட்டியாரின் காவடிச் சிந்தால் புகழ்பெற்ற கழுகாசலமூர்த்தி முருகன் குடைவரைக் கோயில் உள்ளது. கரிசல் பூமியின் வெயிலில் பாறை கடுமையாகச் சுடும் என்பதால், காலையிலேயே தண்ணீருடன் ஏறுவது நல்லது. சாய்ந்து விழும் காலை ஒளியில்தான் உளித் தடங்களும் தெளிவாகத் தெரியும்.